சலாது இலையில் மடித்த இரவுணவு

புலம்பெயர்ந்த எமது குடும்பங்களுக்கு மிக அரிதாகக் கிடைப்பது பணம் என்று பலரும் எண்ணுவர். உண்மையில் அதனினும் அரிதாகக் கிடைப்பது வேலை நாளின் மாலைப்பொழுதாகும். விடியுமுன்னரே துப்புரவு வேலைக்குச் சென்ற தாய் பிற்பகலில் வீடு திரும்புகிறார். உணவகத்தில் வேலை செய்யும் தந்தை மாலை ஆறு மணிக்குள் வீட்டை விட்டுப் புறப்பட்டாக வேண்டும். பிள்ளைகள் பாடசாலை முடிந்து, தமிழ் வகுப்பு முடிந்து, களைத்து வருகின்றனர். இவை எல்லாவற்றுக்கும் நடுவே, குடும்பத்தவர் அனைவரும் ஒரே கூரையின் கீழ் இருக்கும் நேரம் சில வீடுகளில் ஒரு மணித்தியாலந்தான். சில வீடுகளில் அதுவும் இல்லை.

எமது சமையலோ நேரத்தைக் கேட்கும் சமையல். சோறு, ஒரு குழம்பு, ஒரு பால்கறி, ஒரு வறை, ஒரு சொதி என்று அடுப்பில் ஏற்றி இறக்க இரண்டு மணித்தியாலம் வேண்டும். ஊரில் அதற்கு வீட்டில் பெரியம்மா இருந்தார், அம்மம்மா இருந்தார், தேங்காய் துருவ ஒரு கை, வெங்காயம் உரிக்க ஒரு கை இருந்தது. இங்கு இருப்பது இரண்டே கைகள். ஆகவே ஞாயிற்றுக்கிழமை சமைத்ததைக் குளிர்பெட்டியில் அடுக்கி வைத்து, வியாழக்கிழமை வரை சூடாக்கி உண்ணும் வழக்கம் எம்மிடையே வேரூன்றிவிட்டது. பிள்ளைகள் அதனை உண்ண மறுத்துப் பெட்டியில் வரும் பீட்சாவை அடுப்பில் வைக்கின்றனர். ஒரே வீட்டில் நால்வர் நான்கு நேரத்தில், நான்கு விதமான உணவை, தொலைக்காட்சிக்கு முன்னால் தனித்தனியே உண்கின்றனர். இதற்காக எவரையும் குறைகூற எமக்கு மனம் வரவில்லை. ஆயினும் இழக்கப்படுவது என்ன என்பதை எண்ணிப் பார்க்க வேண்டியவர்களாக இருக்கிறோம். பிள்ளை தமிழில் பேசுவதும், அன்றைய நாளின் மனத்தாங்கலைச் சொல்வதும் பெரும்பாலும் உணவு மேசையில்தான் நிகழ்கின்றன. அந்த மேசை காலியாகும்போது மொழியும் சேர்ந்தே மௌனமாகிறது.

இக்கட்டுரையில் நாம் எடுத்துக்கொள்ளும் உணவு எமது ஊருக்குரியது அன்று. கொத்திய மாட்டிறைச்சியை இஞ்சி, உள்ளி, சோயா சோஸ் சேர்த்து விரைவாக வதக்கி, குளிர்ந்த சலாது இலையில் வைத்து மடித்து, கையால் எடுத்து உண்ணும் உணவு அது. இருபத்தைந்து நிமிடத்தில் மேசைக்கு வந்துவிடும். மேலைநாட்டுச் சமையல் ஏடுகள் இதனை 'ஆசியச் சுவை' என்று ஒரே சொல்லில் அடக்கிவிடுகின்றன. ஆனால் ஆசியா என்பது ஒரு சமையலறை அன்று. இந்த இலைமடிப்புக்குப் பின்னால் பல நாடுகள் உள்ளன. எம்மைப் போலவே நாடு விட்டுப் போந்த மக்களும் உள்ளனர்.

இலையில் மடித்து உண்ணும் மக்கள்

கொரிய மக்கள் இலையில் மடித்து உண்ணும் உணவைச் 'சாம்' என்று அழைக்கின்றனர். சோயா சோஸ், சீனி, உள்ளி, எள்ளெண்ணெய் ஆகியவற்றில் ஊறவைத்து வாட்டிய மெல்லிய மாட்டிறைச்சித் துண்டை ஒரு சலாது இலையில் வைத்து, மேலே சிறிது சோறும், புளித்த சோயாவும் மிளகாயும் சேர்ந்த ஒரு துவையலும் இட்டு, மடித்து, முழுதாக ஒரே வாயில் உண்பது அவர்களின் வழக்கம். பாதியைக் கடித்து மீதியைக் கையில் வைத்திருப்பது அங்கே அழகாகாது. சந்திர ஆண்டின் முதற் பூரணை நாளில் இவ்வாறு மடித்து உண்பதை நற்பேற்றை மடித்து உண்பதாகவே அவர்கள் கொள்கின்றனர். தான் மடித்ததை அருகில் இருப்பவரின் வாயில் ஊட்டுவது அன்பின் அடையாளம். சோற்றைக் குழைத்து உருட்டிப் பிள்ளைகளின் கையில் ஒவ்வொரு கவளமாக வைத்த எமது தாய்மாரை நினைவுகூர்வோர்க்கு இந்த வழக்கம் அந்நியமாகத் தோன்றாது.

லாவோஸ் நாட்டின் 'லாப்' என்ற உணவும் இதே குடும்பத்தைச் சேர்ந்தது. கொத்திய இறைச்சியில் தேசிக்காய்ப் புளி, மீன் சோஸ், மிளகாய்த் தூள், சிறுவெங்காயம், நிறையப் புதினா ஆகியவற்றைக் கலந்து, வறுத்து இடித்த பசையரிசிப் பொடியைத் தூவி, பச்சை இலைகளுடன் உண்பர். அவர்களின் மொழியில் நற்பேற்றைக் குறிக்கும் சொல்லும் 'லாப்' என்றே ஒலிக்கிறது. இந்த இரண்டாவது சொல் வடமொழியின் 'லாப' என்பதிலிருந்து அங்கு சென்றது. நாம் வணிகத்தில் வழங்கும் 'லாபம்' என்பதும் அதுவே. ஒலி ஒன்றாக இருப்பதால் திருமணத்துக்கும் புத்தாண்டுக்கும் இந்த உணவு அவர்களிடையே இன்றியமையாததாயிற்று. மேக்கொங் ஆற்றங்கரையில் வழங்கும் ஓர் உணவின் பெயரை எமது கணக்குப் புத்தகத்தின் சொல்லோடு சேர்த்துக் கேட்கும்போது, கடல் கடந்து போனவர்கள் நாம் மட்டுமல்லர், சொற்களும் அவ்வாறே என்பது விளங்குகிறது.

வியட்நாமியரின் மேசையில் பச்சை இலைகள் ஒரு பெரிய தட்டு நிறைய வைக்கப்படும். பொரித்த சுருள்களைச் சலாது இலையிலும் புதினாவிலும் சுற்றி, மீன் சோஸும் தேசிக்காயும் சேர்ந்த நீரில் தோய்த்து உண்பர். தென் வியட்நாமில் கொத்திய மாட்டிறைச்சியை ஒரு வகை இலையில் சுருட்டி நெருப்பில் வாட்டுகின்றனர். அந்த இலை எமது வெற்றிலையின் இனத்தைச் சேர்ந்தது. வெற்றிலையை மடித்துக் கொடுக்கவும், கூழைப் பலாவிலையில் அள்ளிக் குடிக்கவும், வாழையிலையில் விருந்து படைக்கவும் நாம் அறிவோம். எமக்கு இலை பெரும்பாலும் உண்கலம்; அவர்களுக்கு இலையே உணவின் பாதி.

சீனத்தின் தென்பகுதியில் வழங்கும் கண்டோனிய மொழியில் சலாதைக் குறிக்கும் சொல், செல்வம் பெருகுதல் என்ற பொருள்படும் சொல்லைப் போல ஒலிக்கும். சீனப் புத்தாண்டில் சிங்க நடனம் ஆடுவோர் கடைவாசலில் தொங்கவிடப்பட்ட சலாதைச் சிங்கம் உண்டு, இலைகளைச் சிதறுவதாக நடிப்பதைப் பாரிஸ் 13ஆம் வட்டாரத்தில் வாழும் வாசகர்கள் கண்டிருப்பர். வேடிக்கையாகத் தோன்றும் அந்தக் காட்சி உண்மையில் கடைக்காரருக்கு வழங்கப்படும் வாழ்த்தாகும்.

இருமுறை இடம்பெயர்ந்த ஒரு பெண்

இந்த இலைமடிப்பு மேலைநாட்டு வீடுகளின் வேலைநாள் உணவாக மாறிய கதையில் சிசிலியா சியாங் என்ற பெண்மணிக்குப் பெரும் பங்குண்டு. 1920இல் சீனாவில் செல்வக் குடும்பமொன்றில் பிறந்தவர் அவர். யப்பானியப் படைகள் பீக்கிங்கைப் பிடித்திருந்த காலத்தில், 1942இல், தமது சகோதரியுடன் அந்நகரை விட்டு வெளியேறி, மாதக்கணக்கில் நடந்தே நாட்டின் உட்பகுதியிலுள்ள சுங்கிங் நகரை அடைந்தார். 1949இல் உள்நாட்டுப் போரின் முடிவில் மீண்டும் வெளியேற நேர்ந்தது, இம்முறை யப்பானுக்கு. பின்னர் அமெரிக்கா சென்ற அவர், 1961இல் சன் பிரான்சிஸ்கோ நகரில் 'மாண்டரின்' என்ற உணவகத்தைத் திறந்தார். சமையற் கல்லூரி எதிலும் அவர் பயின்றவர் அல்லர். பிறந்த வீட்டில் உண்ட உணவின் நினைவே அவருடைய மூலதனம்.

அந்த உணவகத்தில் பெயர்பெற்ற உணவுகளுள் ஒன்று, பொடியாகக் கொத்திய புறா இறைச்சியைச் சலாது இலையில் வைத்து வழங்குவதாகும். அவருடைய மகன் பிலிப் சியாங், 1993இல் அரிசோனா மாநிலத்தில் வேறொருவருடன் இணைந்து 'பி.எஃப். சாங்ஸ்' என்ற உணவகத்தைத் தொடங்கினார். அங்கு புறாவின் இடத்தில் கோழி வந்தது. அந்த உணவகம் பல கிளைகளாகப் பெருகியபோது இலைமடிப்பும் நாடெங்கும் பரவியது. வீடுகளில் சமைப்போர் கோழிக்குப் பதிலாகக் கையில் கிடைத்த கொத்திய மாட்டிறைச்சியை இட்டனர். விருந்தில் இருந்த உணவு இவ்வாறு வேலைநாள் மாலைக்கு வந்து சேர்ந்தது. சிசிலியா சியாங் 2020இல், நூறு வயதில், சன் பிரான்சிஸ்கோவிலேயே மறைந்தார்.

ஐரோப்பாவில் வாழும் எமக்கு இன்னும் அருகில் ஒரு கதை உண்டு. 1975இல் வியட்நாம், லாவோஸ், கம்போடியா ஆகிய மூன்று நாடுகளிலும் ஆட்சி மாறியபின், ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட அகதிகளைப் பிரான்ஸ் ஏற்றுக்கொண்டது. பாரிஸ் 13ஆம் வட்டாரத்தில் இவ்ரி வீதியிலும் சுவாசி வீதியிலும் அவர்கள் கடைகளைத் திறந்தனர். 1983 ஆடிக்குப் பின் எம்மவர் பெருந்தொகையாக வந்து சேர்ந்தபோது, லாச்சப்பலில் எமது கடைகள் பெருகுவதற்கு முன்பு, அரிசியும் தேங்காய்ப்பாலும் பச்சை மிளகாயும் தேடிச் சென்ற இடங்களுள் அந்தக் கடைகளும் அடங்கும். எமக்கு முன்னர் வந்த அகதிகள் திறந்து வைத்த கதவு வழியாகவே நாமும் எமது முதல் சோற்றுக்கான அரிசியை வாங்கினோம். அவர்களிடம் அரிசி வாங்கிய நாம் அவர்களுடைய உணவை அறியாதிருந்தோம் என்பதே வியப்பு.

மாட்டிறைச்சி என்ற கேள்வி

இந்த இடத்தில் ஒரு செய்தியைக் கண்ணை மூடிக் கடந்துபோக முடியாது. எமது சைவக் குடும்பங்களில் பெரும்பாலானவை மாட்டிறைச்சியை உண்பதில்லை. கிறிஸ்தவக் குடும்பங்கள் பலவும், முஸ்லிம் குடும்பங்களும் உண்கின்றன. புலம்பெயர் வாழ்வு இந்த எல்லையைக் கலைத்துவிட்டது. ஊரில் மாட்டிறைச்சியைக் கையாலும் தொட்டறியாத இளைஞர் எத்தனையோ பேர் இங்கே உணவகங்களின் பின்கட்டில் நாள்தோறும் அதனை வெட்டுகின்றனர், வாட்டுகின்றனர். சிலர் வேலை முடிந்து வந்து குளித்த பின்னரே வீட்டுச் சமையலறைக்குள் நுழைகின்றனர். அவர்களின் பிள்ளைகளோ பாடசாலை உணவுச்சாலையில் அதனை உண்டு பழகி, வீட்டில் ஏன் சமைப்பதில்லை என்று கேட்கின்றனர்.

இந்தக் கேள்விக்கு ஒவ்வொரு வீடும் தனக்கென ஒரு விடையைக் கண்டுகொள்கிறது. உண்ணாதவரை நாகரிகம் அறியாதவர் என்பதும், உண்பவரை நெறி தவறியவர் என்பதும் ஒரே வகைப் பிழைகளே. இந்த உணவின் நல்லியல்பு யாதெனில், ஒரே மேசையில் இருவருக்கும் அது இடம் தருகிறது. இலையும் சோஸும் கச்சானும் பொது. நடுவில் வைப்பது மட்டுமே வேறு. ஒரு தாச்சியில் மாட்டிறைச்சியும், இன்னொரு சிறிய தாச்சியில் கோழியோ, பொடியாக நறுக்கிய காளானோ, சோயா மீற்றோ வதங்கலாம். வெள்ளிக்கிழமை மரக்கறி உண்ணும் தாயும், மாட்டிறைச்சி கேட்கும் மகனும் ஒரே நேரத்தில் ஒரே தட்டிலிருந்து இலை எடுக்க முடிகிறது. இருவர் கையும் ஒரே தட்டை நோக்கி நீளும் அந்த நேரத்தையே நாம் பெரிதாக மதிக்கிறோம்.

தேவையானவை

நால்வருக்கான அளவு இது. அரைத்த மாட்டிறைச்சி 500 கிராம்; கொழுப்பு 10 முதல் 15 வீதம் உள்ளது ஏற்றது. 5 வீதக் கொழுப்புள்ள இறைச்சி வாங்கினால் தாச்சியில் ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் விட வேண்டும். நடுத்தர வெங்காயம் ஒன்று. உள்ளி நான்கு பல். பெருவிரல் அளவு இஞ்சி. கரட் ஒன்று. பச்சை மிளகாய் ஒன்று அல்லது இரண்டு. வெங்காயத்தாள் நான்கு. தேசிக்காய் ஒன்று. சலாது இரண்டு தலை. வறுத்த கச்சான் ஒரு கைப்பிடி. புதினாவோ கொத்தமல்லித் தழையோ ஒரு சிறு கட்டு.

சோஸுக்கு: சோயா சோஸ் மூன்று மேசைக்கரண்டி, சீனி ஒரு மேசைக்கரண்டி, சோளமா ஒரு தேக்கரண்டி, தண்ணீர் மூன்று மேசைக்கரண்டி. இவற்றை ஒரு கோப்பையில் கலந்து வைக்க வேண்டும். வறுத்த எள்ளின் எண்ணெய் ஒரு தேக்கரண்டி இறுதியில் சேர்ப்பதற்கு.

எள்ளெண்ணெய் பற்றி ஒரு குறிப்பு. சீன, கொரியக் கடைகளில் சிறு போத்தலில் விற்கப்படுவது வறுத்த எள்ளிலிருந்து பிழிந்தது. நிறம் கருமை, மணம் கடுமை. எமது நல்லெண்ணெய் வறுக்காத எள்ளிலிருந்து வருவது. இரண்டும் எள்ளே ஆயினும் ஒன்றுக்கு மற்றொன்று ஈடாகாது. அந்த எண்ணெய் வீட்டில் இல்லையாயின் தனியே வாங்க வேண்டியதில்லை. ஒரு மேசைக்கரண்டி எள்ளை வெறும் தாச்சியில் பொன்னிறமாக வறுத்து, கையால் நசுக்கித் தூவினால் வேண்டிய மணம் கிடைத்துவிடும்.

செய்முறை

முதலில் சலாது. தண்டை வெட்டி, இலைகளை உடையாமல் பிரித்து, மண் போகக் கழுவி, மிகக் குளிர்ந்த நீரில் பத்து நிமிடம் ஊறவிட வேண்டும். சலாதில் ஏறத்தாழ 95 வீதம் நீரே. வாடிய இலை குளிர்நீரை உறிஞ்சி மீண்டும் நிமிர்ந்து நிற்கும். பின்னர் ஒரு துணியில் பரப்பி நன்றாக ஒற்றி எடுக்க வேண்டும். ஈரம் இருந்தால் சோஸ் நீர்த்துப்போய், மடிப்பு கையில் வழியும். இலை ஊறும் நேரத்தில் வெங்காயத்தையும் மிளகாயையும் பொடியாக நறுக்கி, இஞ்சியையும் உள்ளியையும் தட்டி, கரட்டைத் துருவி முடித்துவிடலாம்.

அகன்ற தாச்சியை அடுப்பில் வைத்து நன்றாகச் சூடேற்றவும். இறைச்சியைப் பரப்பி இட்டு, இரண்டு நிமிடம் கிளறாமல் விடவும். இதுவே இந்தச் சமையலின் உயிர்நாடி. இறைச்சியின் அடிப்பக்கம் கபில நிறமாகும்போது பிறக்கும் மணத்தை உண்டாக்கும் வேதிமாற்றத்தை 1912இல் விளக்கியவர் லூயி கமீய் மையார் என்ற பிரெஞ்சு வேதியியலாளர். அவருடைய பெயராலேயே அது இன்றும் வழங்குகிறது. இறைச்சியைச் சுற்றி நீர் நிற்கும்வரை வெப்பம் 100 பாகையைத் தாண்டாது. அதுவரை அந்த மாற்றம் செம்மையாக நிகழாது. எமது கறிச்சமையலில் இறைச்சி தன் நீரிலேயே மெல்ல வேக வேண்டும். இங்கே அந்நீர் விரைந்து வற்ற வேண்டும். சிறிய தாச்சியாயின் இறைச்சியை இரண்டு பங்காக வதக்குவது நன்று.

கபிலம் பிடித்தபின் அகப்பையால் உடைத்துக் கிளறி, சிவப்பு எங்கும் இல்லாதவாறு வதக்கவும். மிகுதியாகக் கொழுப்பு மிதந்தால் ஒரு கரண்டியால் எடுத்துவிடலாம். அதனை நீர்க்குழாயில் ஊற்றாது ஆறவைத்துக் குப்பையில் இடவும். இனி வெங்காயம், இஞ்சி, உள்ளி, பச்சை மிளகாய் சேர்த்து இரண்டு நிமிடம். கரட் சேர்த்து ஒரு நிமிடம். கோப்பையில் உள்ள சோஸை அடிவரை கலக்கி ஊற்றவும். சோளமா சேர்ந்திருப்பதால் ஒரு நிமிடத்தில் அது தடித்து இறைச்சியைப் பளபளப்பாகப் போர்த்திக்கொள்ளும். அடுப்பை நிறுத்தியபின் தேசிக்காய்ப் புளி, வெங்காயத்தாள், எள்ளெண்ணெய் ஆகியவற்றைச் சேர்க்கவும். புளியைக் கொதிக்கவிட்டால் அதன் மணம் போய்விடும்.

மேசையில் இலைகள் ஒரு தட்டில், இறைச்சி ஒரு பாத்திரத்தில், நசுக்கிய கச்சானும் தழைகளும் சிறு கிண்ணங்களில் இருக்கட்டும். முன்கூட்டியே மடித்து வைத்தால் இலை வாடிவிடும். அவரவர் உண்ணும்போதே மடிக்க வேண்டும். சோறில்லாமல் வயிறு நிறையாது என்போர் இலையில் ஒரு கரண்டிச் சோற்றை முதலில் இடலாம். கொரியர் செய்வதும் அதுவே. ஆகவே சோற்றைத் துறந்தோம் என்று எவரும் வருந்த வேண்டியதில்லை.

சலாதிலும் வேறுபாடு உண்டு. பிரெஞ்சுக்காரர் 'லெத்யூ' என்று அழைக்கும் உருண்டைச் சலாது மென்மையாக மடியும். 'ரோமேன்' நீண்டு படகு போல நிற்கும். 'சுக்ரின்' எனப்படும் சிறிய சலாது ஒரு வாய்க்கு ஓர் இலை என்ற அளவில் பிள்ளைகளுக்கு ஏற்றது. 'ஐஸ்பேர்க்' மொறுமொறுப்பானது, ஆனால் இலைகளை முழுதாகப் பிரிப்பது கடினம்.

பலருக்குக் கை தானாகவே கறித்தூள் போத்தலை நாடும் என்பதை நாம் அறிவோம். சேர்ப்பதால் கேடொன்றுமில்லை, ஆனால் அது வேறு உணவாகிவிடும். பச்சை இலையின் குளிர்ச்சியும் தேசிக்காயின் புளிப்பும் கறித்தூளுக்குள் மறைந்துபோகும். உறைப்பு வேண்டுவோர் மிளகாயைக் கூட்டிக்கொள்வது நன்று.

லாவோஸ் முறையில் உண்ண விரும்புவோர் சோயா சோஸையும் சோளமாவையும் விட்டுவிட்டு, மீன் சோஸ் இரண்டு மேசைக்கரண்டியும் இரண்டு தேசிக்காயின் புளியும் சேர்க்கலாம். இரண்டு மேசைக்கரண்டிப் பசையரிசியை எண்ணெயின்றி, இளஞ்சூட்டில், பத்து நிமிடம் பொன்னிறமாகும்வரை வறுத்து, கரகரப்பாக இடித்துத் தூவ வேண்டும். அரிசி வறுபடும் அந்த மணம் எம்மவர் எவருக்கும் விளக்கம் தேவைப்படாத மணம்.

ஒரே அடுப்புள்ள அறையில்

இந்த ஏட்டைப் படிப்போரில் பலர் தஞ்சக் கோரிக்கையின் முடிவை எதிர்நோக்கி விடுதி அறைகளில் வாழ்பவர்கள். ஒரு மின்னடுப்பு, ஒரு தாச்சி, பலருக்கும் பொதுவான ஒரு குளிர்பெட்டி. இதுவே அவர்களின் சமையலறை. இந்த உணவுக்கு அதற்கு மேல் எதுவும் வேண்டியதில்லை. ஒரு தாச்சியும் ஒரு கத்தியும் போதும். எண்ணெய் பொங்குவதில்லை, அயலறையிலிருந்து முறைப்பாடு வருமளவுக்குத் தாளிப்பு வாசனையும் எழுவதில்லை. இறைச்சிக்குப் பணம் போதாதாயின் 250 கிராம் இறைச்சியுடன் இரண்டு கரட்டும், ஒரு கைப்பிடி காளானும், ஊறவைத்த கண்ணாடி நூடில்ஸும் சேர்த்தால் நால்வருக்குப் போதுமானதாகும்.

சமைப்பதற்கான உரிமையைச் சிறிய உரிமை என்று எவரும் கருதலாகாது. ஜேர்மனியில் 1993இல் கொண்டுவரப்பட்ட சட்டம், தஞ்சம் கோருவோருக்குப் பணத்துக்குப் பதிலாகப் பொருளாகவே உதவி வழங்க முன்னுரிமை அளித்தது. பல இடங்களில் உணவு பொதியாக வந்தது. பொதியில் இருப்பதை உண்பதன்றி வேறு வழியற்றிருந்தவர்கள் எம்மவருள் பலர். பசி தீர்ந்தது, ஆயினும் இன்று என்ன சமைப்பது என்று எண்ணும் உரிமை இல்லாதிருந்தது. வழக்கு எப்போது தீரும், கடிதம் எப்போது வரும், குடும்பம் எப்போது வந்து சேரும் என்ற எதுவும் தன் கையில் இல்லாத ஒருவருக்கு, இன்றிரவு இதைச் சமைக்கப் போகிறேன் என்று தானே தீர்மானிப்பது அன்றைய நாளின் ஒரே தீர்மானமாகவும் இருக்கலாம். அறையில் நால்வர் வசித்தால், தனித்தனியே நான்கு முறை சமைப்பதிலும் ஒருமுறை சேர்ந்து சமைப்பது செலவையும் குறைக்கும், மௌனத்தையும் குறைக்கும்.

கவனிக்க வேண்டியவை

அரைத்த இறைச்சி முழுத்துண்டு இறைச்சியைப் போன்றது அன்று. முழுத்துண்டில் கிருமிகள் பெரும்பாலும் மேற்பரப்பில் இருக்கும். அரைக்கும்போது அவை உள்ளெங்கும் கலந்துவிடுகின்றன. ஆகவே சிவப்பு மறையுமாறு, உட்பகுதியும் 70 பாகைக்கு மேல் வெப்பமடையுமாறு வதக்க வேண்டும். சிறு பிள்ளைகளுக்கு இது மிக முக்கியம். இறைச்சியில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமி அவர்களின் சிறுநீரகங்களையே பாதிக்கக்கூடியது. பச்சை இறைச்சி தொட்ட பலகையிலும் கத்தியிலும் சலாதை வெட்டலாகாது. இலை பச்சையாகவே உண்ணப்படுவதால், கருவுற்ற தாய்மார் அதனைப் பலமுறை கழுவி உண்பது அவசியம்.

சோயா சோஸில் உப்பு அதிகம். ஒரு மேசைக்கரண்டியில் 2 கிராமுக்கும் மேல் உண்டு. ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாகவே உப்பு வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. ஆகவே இந்தச் சமையலில் தனியாக உப்பு இடலாகாது. இரத்த அழுத்தம் உள்ளோர் சோஸைப் பாதியாக்கித் தேசிக்காயைக் கூட்டலாம்.

எம்மிடையே நீரிழிவு மிகுந்து வருவதைச் சொல்ல வேண்டியதில்லை. தென்னாசிய மக்களுக்கு ஐரோப்பியரை விட இளம் வயதிலேயே, குறைந்த உடல் எடையிலேயே இந்நோய் வருவதை மருத்துவம் உறுதிப்படுத்தியுள்ளது. இரவில் சோற்றின் அளவைக் குறைத்து, இலையும் இறைச்சியும் கூடுதலாக உண்பது பலருக்கு நன்மை தரும். ஆனால் இன்சுலின் எடுப்போரும், சர்க்கரையைக் குறைக்கும் குளிசை உண்போரும் திடீரெனச் சோற்றை விலக்கினால் இரத்தத்தில் சர்க்கரை அளவு கீழிறங்கி மயக்கம் வரக்கூடும். அவர்கள் மருத்துவரைக் கேட்ட பின்னரே மாற்றம் செய்ய வேண்டும்.

கையால் உண்ணும் பெருமை

இறுதியாக ஒன்று. எமது பிள்ளைகள் பலர் கையால் உண்பதற்குக் கூச்சப்படுகின்றனர். பாடசாலைத் தோழர் வீட்டுக்கு வரும் நாளில் கரண்டியும் முள்ளும் தேடப்படுகின்றன. கையால் உண்பதைத் தமது வீட்டுக்கு மட்டும் உரிய குறைபாடாக அவர்கள் எண்ணுகின்றனர். இந்த உணவைக் கரண்டியால் உண்ண இயலாது. கொரியரும், வியட்நாமியரும், லாவோஸ் மக்களும் கையால் மடித்தே உண்கின்றனர். பிரெஞ்சுத் தோழனும் கையால் மடித்தே உண்ண வேண்டும். அவனுக்கு முதல் மடிப்பு பிரிந்து கொட்டும். எமது பிள்ளை அவனுக்குக் காட்டிக் கொடுப்பாள்: நிறைய வைக்காதே, இப்படி விரல் நுனியால் பிடி, இப்படி மடி என்று. அறியாதவனுக்கு அறிந்தவள் கற்பிக்கும் அந்த நொடியில் கூச்சம் இடம் மாறிவிடுகிறது.

வேலைக்குச் செல்லத் தந்தை புறப்படுவதற்கு முன் இருபத்தைந்து நிமிடம் கிடைக்குமாயின், அதனைச் சமையலுக்குத் தரலாம். மீதமுள்ள நேரம் மேசைக்குரியது. சலாதைப் பிரிப்பதும் கச்சானை நசுக்குவதும் ஆறு வயதுப் பிள்ளைக்கும் முடிந்த வேலைகள். அவற்றை அவர்களிடமே விட்டுவிடலாம்.